காற்றில் போன மருந்து

“உனுக்கு மூக்கு எரியலியாக்கா?” என்று சந்தோஷ் கேட்டதில்தான் குட்டு உடைந்தது.

பூந்தமல்லி ஆஸ்பத்திரியின் மேல்மாடியில், மருந்து ஆராய்ச்சிக்கு வருகிறவர்களுக்கென்று தனியாகப் போட்டிருந்த நாற்காலிகளில் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். யுவராணிக்கும் சந்தோஷுக்கும் ஒரே வியாதி, வலிப்பு. இரண்டு பேர் வீட்டிலும் ஒரே மருந்து. வலிப்பு ஆரம்பித்தவுடன் பக்கத்தில் இருப்பவர் மூக்கில் அடிக்க வேண்டிய ஸ்பிரே. வேப்பம்பட்டிலிருந்து அண்ணியோடு வரும் சந்தோஷை அவள் முன்பே பார்த்திருக்கிறாள், பேசினது அன்றைக்குத்தான்.

“எங்க எரியுது?” என்றாள் யுவராணி.

“மூக்குதான்! அண்ணி அடிச்சுதுன்னா, எந்திரிச்சதும் மொளகாப்பொடி வெச்சு அடைச்சா மாரி கீது. அப்பால தொண்டைல கசப்பு. டீ குடிச்சாலும் கசக்குது, பிரியாணி துன்னாலும் கசக்குது. தூக்கம் வேற, ஆள அடிச்சுப் போட்டா மாரி.”

“எனுக்கு அப்பிடி ஒண்ணுமே இல்லியே.”

“குடுத்து வெச்சவக்கா நீ.”

யுவராணி அப்படி நினைக்கவில்லை. இதுவரை மூன்று முறை அவளுக்கு அந்த ஸ்பிரேயை அடித்தாயிற்று. மூக்கு எரியவில்லை, நாக்கு கசக்கவில்லை, எழுந்ததும் உட்கார்ந்து காபி குடித்திருக்கிறாள். அவள் மெதுவாகத் தலையைத் திருப்பி அப்பாவைத் தேடினாள். துலுக்கானம் சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு உருளையின் கழுத்தில் தொங்கிய சீட்டில் தேதி பார்த்துக்கொண்டிருந்தார்.

“நைனா, இங்க வா.”

“இது தேதி முடிஞ்சு போச்சு யுவா. யார்கிட்டயாச்சும் சொல்லணும்.”

“அத்த அப்பால சொல்லலாம். என் மூக்குல மருந்து அடிச்சியா நீ?”

“இன்னா கேள்வி இது? மூணு தபாவும் நான்தானே அடிச்சேன்.”

“எப்பிடி அடிச்ச? ஒண்ணு விடாம சொல்லு.”

“ரெனிதா மேடம் சொல்லிக்குடுத்த மாரிதான். உன்ன ஒருக்களிச்சுப் படுக்க வெச்சேன். கைல சாவிக்கொத்து குடுத்தேன்...”

“சாவிக்கொத்து குடுக்கச் சொல்லி மேடம் எப்ப சொன்னாங்க?”

“அது சொல்லல. இரும்பும்மா, அது பாட்டுக்கு ஒரு பக்கம் இருக்கட்டும்னு. அப்பால கவரப் பிரிச்சேன், டெஸ்ட் பண்ணேன், மூக்குல வெச்சு அமுக்கினேன்.”

“இன்னா பண்ண?”

“மூக்குல வெச்சு...”

“அதுக்கு முன்னாடி.”

“டெஸ்ட் பண்ணேன். காத்துல ஒரு தபா அமுக்கிப் பாத்தேன். புஸ்ஸுன்னு சூப்பரா வந்துச்சு. மூணுமே நல்ல பீஸு.”

சந்தோஷ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அவன் அண்ணி அவன் தொடையில் கிள்ளினாள்.

“நைனா,” என்றாள் யுவராணி, பல்லைக் கடித்துக்கொண்டு, “அதுல ஒரே ஒரு அமுக்குதான் கீது. ஒண்ணு அமுக்கினா தீந்துபோச்சு.”

“அது யூஸ் பண்றதுக்கு ஒண்ணு. டெஸ்ட்டுக்குன்னு தனியா ஒண்ணு இருக்கும்ல?”

“இல்ல!”

“டெஸ்ட் பண்ண வழியில்லாம எவனாச்சும் ஒரு சாமான செய்வானா?”

“செஞ்சுக்கிறாங்க நைனா!”

“அப்ப அது டிசைனே தப்பு,” என்றார் துலுக்கானம்.

இந்த மனிதரிடம் என்ன சொல்வது? ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் பிரேக் சோதனைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து, அதிலேயே ஓய்வும் பெற்றவர். அவர் கைபட்டு சரி என்று சொல்லாமல் ஒரு வண்டி வெளியே போனதில்லை. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. குடை வாங்கினால் கடையிலேயே பத்து முறை விரித்து மூடுவார். டார்ச் லைட் வாங்கினால் பகலிலேயே கட்டிலுக்கடியில் படுத்து அடித்துப் பார்ப்பார். அவள் அம்மா இறந்த அன்று கொண்டுவந்த ஐஸ்பெட்டியைக்கூட, முதலில் ஓட்டிக் காட்டு என்று அந்தப் பையன்களிடம் சண்டை போட்டு, குளிர்ச்சி வந்த பிறகுதான் உள்ளே வைக்க விட்டார். அவர்கள் குடியிருக்கும் பருத்திப்பட்டில் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறவர்கள் உண்டு.

ஆராய்ச்சியில் சேர்ந்த முதல் நாளே டாக்டர் பரந்தாமன் உஷாராகியிருக்க வேண்டும். அன்று அவர் பொறுமையாக எல்லாம் சொன்னார். மூளையில் நரம்புகள் ஒன்றையொன்று கிளப்பிவிட்டுக்கொண்டே இருக்கும். அவற்றை அடக்குவதற்கு மூளையே ‘காபா’ என்று ஒரு ரசாயனத்தைச் சுரக்கும். வலிப்பு என்றால் கிளப்புகிற பக்கம் ஓங்கி, அடக்குகிற பக்கம் தோற்றுப்போவது.

“பிரேக் புடிக்கல,” என்றார் துலுக்கானம்.

“அதேதான் பெரியவரே! இந்த மருந்து பென்சோடயாசெபைன் வகை. இது தானா பிரேக் போடாது. மூளை போடுற பிரேக்கையே இன்னும் கெட்டியா பிடிக்க வைக்கும்.”

“பூஸ்டர்! கால் வெச்சு பெடல அமுக்கினாத்தான் அது வேல செய்யும். அமுக்கலேன்னா சொம்மாதான் கெடக்கும்.”

டாக்டருக்கு வாயெல்லாம் பல். “நான் மாணவர்களுக்கு இதைப் புரியவைக்க ஒரு வாரம் ஆகும்,” என்றார்.

“அளவுக்கு மேல போட்டா?”

“மூச்சும் மெதுவாகும், அதான் பயம். அடிக்கடி போட்டா மூளை பழகிக்கும், அப்புறம் பிடிப்பு குறையும். அதனால அவசரத்துக்கு மட்டும்தான். பல்லு கிட்டிப் போனவங்களுக்கு மாத்திரை குடுக்க முடியாது, ஊசி போட வீட்ல ஆள் இருக்காது. மூக்குல அடிச்சா அங்கிருக்கற மெல்லிசு தோல் வழியா சட்டுனு ரத்தத்துல கலந்துடும்.”

“கடைல கெடைக்குமா சார்?”

“இது இன்னும் இங்க விற்பனைக்கு வரலை. வெளிநாட்டுல விக்கிறாங்க. முதல்ல நல்லா இருக்கறவங்களுக்குக் குடுத்து, அப்புறம் ஆஸ்பத்திரிக்குள்ள நோயாளிங்களுக்குக் குடுத்துப் பார்த்தாச்சு. இப்ப நம்ம ஊர்ல, வீடுகள்ல பார்க்கணும். வீட்டுக்கு வீடு என்ன நடந்ததுன்னு நாங்க எழுதி அனுப்பறது டில்லிக்குப் போகும். அங்க நிபுணர் குழு உட்கார்ந்து துருவித் துருவிக் கேட்டு, சரின்னா அனுமதி. இங்க யாருக்கும் தண்ணி குடுத்து ஏமாத்தறதில்லை, எல்லாருக்கும் நிஜ மருந்துதான்.”

“அப்பிடித்தான் சார் இருக்கணும்,” என்றார் துலுக்கானம் மனம் குளிர்ந்து. “டெஸ்ட் பண்ணாம எதையும் வெளிய உடக்கூடாது.”

அந்த வார்த்தையைத்தான் டாக்டர் கவனிக்காமல் விட்டுவிட்டார்.

யுவராணிக்கு இந்த ஆராய்ச்சி வெறும் மருந்து விஷயம் இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் சர்க்யூட் போர்டு செய்கிற கம்பெனியில் அவளுக்கு வேலை. ஒரு நாள் ஷிப்டில் வலிப்பு வந்து விழுந்தாள். அன்று சாயங்காலமே மறுபடியும் வந்தது. அவளுக்குப் பெரும்பாலும் ஒன்று வந்தால் அதைத் தொடர்ந்து இன்னொன்றும் வருகிற உடம்பு. வலிப்பு வந்தால் நிறுத்த ஒரு மருந்து இருக்கிறது, அது இவளுக்கு வேலை செய்கிறது என்று டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு வா, அதுவரை வீட்டிலிரு என்று சொல்லிவிட்டார்கள். முப்பத்தொரு வயதில் வீட்டிலிருந்து அப்பா குடையை விரித்து மூடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதைப்போல ஒரு தண்டனை உண்டா? அந்தக் கடிதத்தைத் தருவதாக டாக்டர் சொல்லியிருந்தது அன்றைக்குத்தான். காலையில்கூட சூப்பர்வைசர் கனிமொழி போன் செய்து, “இன்னிக்கு லெட்டர் கெடைச்சுடும்ல? உன் சீட்டுக்கு வேற ஆள் கேக்குறாங்க யுவராணி, நான் எவ்ளோ நாள்தான் இழுக்கிறது?” என்று கேட்டிருந்தாள்.

துலுக்கானத்துக்கு அது நினைவில் இருந்தது. மகள் பக்கத்தில் நகர்ந்து குரலைத் தாழ்த்தினார்.

“யுவா, நீ ஒண்ணும் சொல்லாத. லெட்டர வாங்கினு போயிடலாம். அடுத்த தபா நான் டெஸ்ட் பண்ணாம அடிக்கிறேன், போதுமா?”

“கம்பெனில எனக்கு பிட்ஸ் வந்தா?”

“அங்க யாராச்சும் அடிப்பாங்க.”

“அடிச்சா நிக்குமா?”

“மூணு தபாவும் நின்னுச்சே!”

“அது தானா நின்னுது நைனா! உன் காத்துக்கும் சாவிக்கும் நிக்கல. எனக்கு அந்த மருந்து ஒத்துக்குமா, என் மூச்சு தாங்குமா, ஒண்ணுமே தெரியாது.”

சொன்னாளே தவிர அவளுக்கும் ஆசை இல்லாமலில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் திங்கட்கிழமை எஸ்டேட் பஸ்ஸில் ஏறிவிடலாம். யாருக்குத் தெரியப் போகிறது? சந்தோஷுக்குத் தெரியும், அவனும் சொல்லமாட்டான். அவள் மடியிலிருந்த பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள்.

“ரெண்டாவது தபா அடிச்சியே,” என்றாள் கடைசியில், “அன்னிக்கு சாயங்காலமே திரும்ப வந்துச்சு, ஞாபகம் கீதா?”

“கீது. பயந்துட்டேனே.”

“அத்த இன்னான்னு எழுதி அனுப்பிக்கிறாங்க தெரியுமா? மருந்து குடுத்தும் நிக்கல, தோத்துப்போச்சுன்னு.”

துலுக்கானம் நிமிர்ந்து உட்கார்ந்தார். “மருந்து உள்ளயே போவலியே?”

“அத்தத்தானே சொல்றேன்.”

“நல்ல பீஸ ரிஜெக்ட் பண்ட்டாங்களா?”

“உன்னாலதான்.”

“அது தப்பு யுவா. ஒண்ணும் பண்ணாத சாமான் மேல பழி போடறது தப்பு.” அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. மகளின் வேலை, கடிதம் எல்லாம் அந்த நிமிஷத்தில் அவருக்கு மறந்துபோயின. வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார். “வா, உள்ள போய் சொல்லிடலாம்.”

“இப்பதானே சொல்லாதன்ன?”

“அப்ப இது தெரியாதே!”

யுவராணி எழுந்து அவர் பின்னால் போனாள். வேறு என்ன செய்வது? இவரே போய் அரைகுறையாக உளறுவதற்குத் தானே சொல்லிவிடலாம் என்று, அறைக்குள் நுழைந்ததும் முந்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

ரெனிதாதான் ஆராய்ச்சிக்கு ஒருங்கிணைப்பாளர். மருந்து கொடுப்பது, கற்றுக்கொடுப்பது, போனில் விசாரிப்பது எல்லாம் அந்தப் பெண்தான். கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

“மூணுமா?”

“மூணும்,” என்றார் துலுக்கானம். “மூணுமே நல்லா வந்துச்சு மேடம்.”

“அங்கிள், அன்னிக்கு நான் டம்மி குடுத்து உங்களையே செஞ்சு காட்டச் சொன்னேனே. கரெக்டா செஞ்சீங்களே!”

“டம்மிய எதுக்கு மேடம் டெஸ்ட் பண்ணணும்?”

ரெனிதா டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“பெரியவரே, பூஸ்டர்னு அவ்வளவு அழகா சொன்னீங்க. பூஸ்டரைக் கழட்டி ரோட்ல போட்டுட்டு வண்டி ஓட்டியிருக்கீங்க.”

“தெரியாம பண்ட்டேன் சார்.”

“அந்த மூணையும் மருந்து போகலைன்னு நான் திருத்தணும். ஏன் திருத்தினேன்னு விளக்கணும். எதிக்ஸ் கமிட்டிக்குச் சொல்லணும், மருந்துக் கம்பெனிக்குச் சொல்லணும். டில்லில ஒருத்தர் அதைப் படிச்சுட்டு, யார்யா இந்த ஆவடிக்காரர்னு கேப்பார்.”

“பேரு போடுவாங்களா சார்?”

“பேரெல்லாம் போடமாட்டாங்க. நம்பர்தான்.”

துலுக்கானத்துக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்போலத் தெரிந்தது. யுவராணிக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

“டாக்டர், லெட்டர்?” என்றாள்.

“எப்படிம்மா எழுதுவேன்? இந்த மருந்து ஒரு சொட்டுகூட உங்க உடம்புக்குள்ள போகலை. வந்து சொன்னீங்களே, அதுக்கு உங்களுக்கு நன்றிதான் சொல்லணும். ஆனா வேலை செய்யுதுன்னு நான் கையெழுத்துப் போடமுடியாது. ஒரே ஒரு தடவை ஒழுங்கா போட்டு, நின்னு, மூச்சும் சரியா இருந்தா எழுதறேன். உங்க கம்பெனில ஒருத்தருக்கு ரெனிதாவே கத்துக்குடுப்பா. ஆனா வீட்ல...” துலுக்கானத்தைப் பார்த்தார். “வேற ஆள் யாராவது இருக்காங்களா?”

மாடிவீட்டில் குடியிருக்கும் தெரசா இருந்தாள். பகலில் வீட்டில் உட்கார்ந்து ரவிக்கை தைப்பவள். அவள் ஒத்துக்கொண்டாள், பூந்தமல்லிக்குப் போய்க் கற்றுக்கொண்டும் வந்தாள். ஆனால் ஒரு நிபந்தனை போட்டாள்.

“பிட்ஸ் வந்தா இந்த அண்ணன் ஊட்டுக்கு உள்ள இருக்கக்கூடாது. இவரு பக்கத்துல நின்னா எனுக்கு கை ஓடாது.”

“நான் இன்னாம்மா பண்ணப்போறேன்? சொம்மா பாத்துகினு நிப்பேன்.”

“அதுதாண்ணே வேணாம்ன்றேன்.”

எல்லாம் தயார். வலிப்புதான் வரவில்லை.

வருஷக்கணக்காகக் கேட்காமல் வந்துகொண்டிருந்தது, இப்போது வரச்சொன்னால் வரமாட்டேன் என்கிறது. ஒரு வாரம் போயிற்று, இன்னொரு வாரம் போயிற்று. கனிமொழியின் குரலில் போனுக்குப் போன் சுருதி ஏறிக்கொண்டிருந்தது. துலுக்கானம் தினமும் அம்மன் கோவிலுக்குப் போய், எம்பொண்ணுக்கு இனிமே வரவே கூடாது என்று கற்பூரம் ஏற்றிவிட்டு வந்து விபூதி பூசினார்.

“வேணாம் நைனா, உன் வேண்டுதல கொஞ்ச நாளு நிறுத்து,” என்றாள் யுவராணி.

“வராம கீதேன்னு சந்தோசப்படுவியா...”

“சந்தோசம்தான். ஒண்ணு வந்துட்டு அப்பால வராம போனா இன்னும் சந்தோசம்.”

தெரசாவிடம் ஜெபம் பண்ணச் சொன்னபோது அவள் ஊசியை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டாள். “நான் இன்னான்னுடி கேக்குறது? வரணும்னா, வரக்கூடாதுன்னா? கீழ உங்கப்பா ஒண்ணு கேக்குறாரு, மேல நான் ஒண்ணு கேட்டா, யாரு பேச்ச கேக்கறதுன்னு சாமிக்கே கொழம்பிப்பூடும்.”

அது வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது. அவளுக்குத் தெரிந்தது கையிலிருந்த முருங்கைக்கீரைக் காம்பு வரைக்கும்தான். மற்றதெல்லாம் அன்று சாயங்காலம் தெரசா வந்து சொன்னது.

“சத்தம் கேட்டு ஓடியாந்தேன். உங்கப்பா சாவிக்கொத்தும் கையுமா நிக்கிறாரு. ‘அண்ணே, வெளிய போ’ன்னேன். ‘கவர நான் பிரிச்சுக் குடுக்கட்டா?’ன்றாரு. ‘வேணாம்.’ ‘தேதி பாத்தியா?’ ‘பாத்தேன்.’ ‘நல்லா உள்ள வெச்சு...’ ‘நீ மொதல்ல போண்ணே!’ன்னு தள்ளிவுட்டு கதவ சாத்திட்டேன். உன் மூக்குல வெச்சேன், அமுக்கினேன். ஜன்னல்ல வந்து நிக்குது மனுசன். ‘போட்டியா?’ ‘போட்டாச்சு.’ ‘புஸ்ஸுன்னு வந்துச்சா?’ ‘மூக்குக்குள்ள போனா எனுக்கு எப்பிடிண்ணே கேக்கும்?’ ‘அப்ப உள்ள போச்சுன்னு எப்பிடி தெரியும்?’ ஏண்டி, பிட்ஸ் வந்தவள பாக்குறதா, இவர பாக்குறதா?”

“நின்னுச்சாக்கா?”

“நின்னுச்சு. சட்டுனு இல்ல. கையி, காலு ஒவ்வொண்ணா அடங்குச்சு. அப்பிடியே தூங்கிட்ட. நான் உன் மாருல கைய வெச்சுகினு மூச்ச பாத்துகினே குந்தினு இருந்தேன். ரெனிதா போன்லயே இருந்துச்சு.”

யுவராணிக்குப் பேச நாக்கு புரளவில்லை. மூக்குக்குள் அனலாக இருந்தது. தெரசா போன பிறகு துலுக்கானம் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“கசக்குதா?” என்றார்.

“கசக்குது.”

“அந்த வேப்பம்பட்டு பையன் சொன்னா மாரியா?”

“அத விட.”

“நல்லா கசக்கட்டும்,” என்றார். “ஜன்னல்ல இருந்து பாத்தா நீ துடிக்கிறது மட்டும்தான் தெரியுது யுவா. உள்ள இருந்தப்ப கைக்கு எதனா வேல இருந்துச்சு. வெளிய நிக்க முடியல.”

அவள் அவர் கையை இழுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். அன்று இரண்டாவது வலிப்பு வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

டாக்டர் கடிதம் எழுதிக் கொடுத்தார். உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தார். மருந்து இன்னும் ஆராய்ச்சியில் இருக்கிறது, ஒரு முறை முறையாகக் கொடுக்கப்பட்டது, வலிப்பு நின்றது, மூச்சு சீராக இருந்தது, வேலையிடத்தில் ஒருவருக்குப் பயிற்சி தரப்படும். யுவராணி அதைப் படம் எடுத்துக் கனிமொழிக்கு அனுப்பினாள். உடனே போன் வந்தது.

“இன்னா யுவராணி, ஒரே ஒரு தபாதான்னு போட்டுக்குது? மூணு தபான்னு அன்னிக்கு சொன்ன?”

“ஒரு தபாதான் மேடம் நெஜமா போச்சு. மத்ததெல்லாம் கணக்குல இல்ல.”

யுவராணி போனைக் காதில் அழுத்திக்கொண்டாள். யாரோ மிஷின் பக்கத்தில் கனிமொழியைக் கூப்பிட, அவள் “இரு, வரேன்” என்று அதட்டுவது கேட்டது.

“சரி, திங்கக்கெழம வந்துடு. மூக்குல அடிக்கறத நானே கத்துக்கறேன். அந்த ரெனிதான்ற பொண்ணு இப்பதான் பேசுச்சு, எல்லாம் சொல்லுச்சு.” கனிமொழி கொஞ்சம் தயங்கினாள். “தப்பா எடுத்துக்காத. உங்கப்பாவ மட்டும் கூட இட்டுகினு வந்துடாத.”

“இன்னா சொல்றாங்க?” என்றார் துலுக்கானம், உள்ளேயிருந்து.

“வேலைக்கு வரச்சொல்றாங்க நைனா.”

“மொத நாளு, நானும் தொணைக்கு வரட்டா? அந்த பர்ஸ்ட் எய்டு ரூமு எப்பிடி வெச்சுக்கிறாங்கன்னு ஒரு தபா...”

“நைனா!” என்றாள் யுவராணி. “நீ ஊட்ல இரு.”